உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரி

கேள்வி: எங்கள் வீட்டில் 11 வயது ஆண் நாய் ஒன்றும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. 4 மாதத்துக்கு முன் ஓர் ஆண் குட்டியை எடுத்து வந்தோம், அதற்கு இப்போது 8 மாதம். இத்தனை வருஷம் பூனைகளோடு ஒட்டிப் படுத்த பெரியவன் சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் உறுமுகிறான். போன வாரம் குட்டியின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டான், ஒரு பூனை மயிரிழையில் தப்பியது. வயதாகிவிட்டதால் சோம்பல் வேறு, எழுந்தால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் நடக்கிறான். உறுமும்போதெல்லாம் செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கிறோம், திருந்தவில்லை. ‘தான்தான் தலைவன் என்று நினைக்கிறான், அடக்கி வையுங்கள்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். 6 வயது மகள் இருக்கிறாள், பயமாக இருக்கிறது. அவனை யாருக்காவது கொடுத்துவிடலாமா? — ஒரு வாசகி.

பதில்: முதலில் உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். ‘சோம்பல் வேறு’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. எழுந்ததும் நடக்காமல் நிற்கிற கிழட்டு நாய்க்குச் சோம்பல் இல்லை, வலி கொஞ்சம் அடங்கட்டும் என்று நிற்கிறது. படுத்து எழும்போது மூட்டு இறுகியிருப்பதும், நாலு எட்டு வைத்த பிறகு இளகுவதும் மூட்டுத் தேய்மானத்தின் தெளிவான அடையாளம். நீங்கள் அதைக் கண்ணால் பார்த்து, எழுதவும் எழுதிவிட்டு, கடிப்பதற்கான காரணத்தை மட்டும் அவன் குணத்தில் தேடியிருக்கிறீர்கள்.

நாய்க்கு வலித்தால் கத்தும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் கத்தாது. முன்பு ஏறிய இடத்தில் ஏறாது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், வழுக்குகிற தரையில் சுவரோரமாக நடக்கும், கிட்டே யாராவது வேகமாக வந்தால் உறுமும். 2020-இல் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய கட்டுரை ஒன்று, நடத்தைப் பிரச்சினை என்று நிபுணர்களிடம் வருகிற பிராணிகளில் குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்றும், சில இடங்களில் இது 80 சதவீதத்தை நெருங்கலாம் என்றும் சொன்னது. குணம் கெட்டுவிட்டது என்று நாம் தீர்மானித்துவிட்ட பிராணிகளில் எத்தனை உண்மையில் நோயாளிகள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூட்டு மட்டும்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. காது மந்தமாகியிருந்தால் குட்டி வருவதே அவனுக்குத் தெரியாது, மேலே விழுந்த பிறகுதான் தெரியும், திடுக்கிட்டுக் கடிப்பான். கண்ணில் புரை விழுந்திருந்தாலும் அதே கதை. தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். முதுமையில் மனிதருக்கு வருகிற மறதி நோய் போல நாய்க்கும் ஒன்று உண்டு: ராத்திரியில் காரணமில்லாமல் நடப்பது, மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் விழிப்பது, பழகிய வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது, தெரிந்தவர்களிடமே முறைப்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடம் இந்த அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது, 15, 16 வயதில் அது 68 சதவீதம்.

அப்புறம் பல். எங்கள் வீட்டில் ஒரு பெண் நாய் இருந்தாள். தட்டுக்குக் கிட்டே யார் போனாலும் சீறுவாள். பேராசை பிடித்துவிட்டது என்று வீடே சேர்ந்து அவளைத் திட்டியது, நானும் திட்டினேன். ஒரு நாள் வலது கண்ணுக்குக் கீழே வீங்கியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல் விரிசல் விட்டு, வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய மூன்றாம் வாரம் பூனை அவள் தட்டிலேயே வாய் வைத்தது, அவள் ஒதுங்கி நின்றாள். எத்தனை மாதம் அந்த வலியோடு சாப்பிட்டிருப்பாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ‘கடிக்கிறான்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவன் எழுவதையும் நடப்பதையும் படியேறுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஏனென்றால் மருத்துவமனை மேஜைமேல் பயத்தில் விறைத்து நிற்கிற நாயிடம் நொண்டல் தெரியாது. உறுமல் எந்த மாதம் தொடங்கியது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளப்பிவிடும், சில நாய்களைச் சிடுசிடுப்பாகவும் ஆக்கும். பல், காது, கண், மூட்டு எல்லாம் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். பிறகு சில வாரம் வலி மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். மருந்தில் குணம் மாறினால் காரணம் வலிதான் என்று தெரிந்துவிடும். ஆனால் தயவுசெய்து வீட்டில் இருக்கிற நம்முடைய மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை போதும் பூனை செத்துப்போக.

இப்போது அந்தச் செய்தித்தாள். இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.

காதைக் கடித்த அன்று என்ன நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், சொல்கிறேன். பெரியவன் படுத்திருக்கிறான். குட்டி ஓடி வருகிறது. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்புகிறான். குட்டிக்குப் புரியவில்லை. உதட்டை ஒரு தடவை நக்குகிறான், திறந்திருந்த வாயை மூடுகிறான், உடம்பு விறைக்கிறது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிகிறது. குட்டி இடுப்பின்மேல் தாவுகிறது. அடுத்து வரவேண்டியது உறுமல். உறுமினால்தான் அடி விழுமே, அதை அவன் விழுங்கிவிட்டான். நேராகக் கடி. ‘திடீரென்று, ஒன்றுமே சொல்லாமல் கடித்துவிட்டது’ என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், அந்த வீடுகளில் பலவற்றில் உறுமலுக்கு அடி விழுந்திருக்கும். உறுமல் என்பது ‘தள்ளிப் போ’ என்று கேட்டுக்கொள்வது. அது நிற்காமல் இருக்கிறவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவன் உறுமினால் அவனைத் தொடாமல், குரலை உயர்த்தாமல், குட்டியைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

தலைவன், அடக்குதல் என்கிற பேச்சு ஓநாய்களைப் பார்த்து வந்தது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்கிற சுவிஸ் ஆய்வாளர் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை பதவிக்கு அடித்துக்கொள்வதாக எழுதினார். பிற்பாடு டேவிட் மீச் என்கிற அமெரிக்க ஆய்வாளர் காட்டிலேயே ஓநாய்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்து, கூட்டம் என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, அவற்றின் பிள்ளைகள்தான் என்று 1999-இல் எழுதினார். தலைவன் பட்டத்தைப் பரப்பியவர்களில் தாமும் ஒருவர் என்பதால் அதைத் திருத்த அவரே முன்வந்தார். ஓநாய்க்கே பொருந்தாத பாடத்தை இடுப்பு வலிக்கிற ஒரு கிழ நாய்க்குச் செய்தித்தாளால் நடத்த வேண்டாம் என்று அந்த நண்பரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 11 வயது நாய் இருக்கிற வீட்டுக்குக் குட்டியைக் கொண்டுவந்தது நீங்கள், அவனிடம் யாரும் கேட்கவில்லை. 8 மாதக் குட்டி என்றால் விடலைப் பருவம், உடம்பு முழுக்கத் துள்ளல், அடுத்த உயிர் எங்கே நிறுத்தச் சொல்கிறது என்கிற நிதானம் வராத வயது. அந்தத் துள்ளலுக்கு வடிகால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நன்றாக நடக்கவிடுங்கள், மோப்பம் பிடிக்கவிடுங்கள், கூப்பிட்டால் வரவும் தன் விரிப்பில் போய்ப் படுக்கவும் கற்றுக்கொடுங்கள். குட்டிக்கு விளையாட்டுத் துணையாக இருக்கிற வேலையைக் கிழவன் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்த இரண்டு வாரமாவது இருவரையும் முழுக்கப் பிரித்து வையுங்கள், நடுவே கதவு அல்லது கம்பித் தடுப்பு. ஒதுக்கிவைக்கிற தண்டனையாக அது ஆகிவிடக்கூடாது, பெரியவனுக்கு உங்கள் பக்கத்திலேயே இடம் இருக்கட்டும். சாப்பாடு தனித்தனி அறையில், சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் எடுத்துவிடுங்கள். எலும்பு, பொம்மை எதுவும் பொது இடத்தில் கிடக்கக்கூடாது. சண்டை அநேகமாகக் குறுகலான இடத்தில்தான் வரும்: வாசற்படி, சோபா, கட்டிலுக்கு அடி, நீங்கள் வெளியிலிருந்து வரும்போது இரண்டும் முண்டியடிக்கிற அந்தக் கதவோரம். அந்த நேரங்களில் ஒன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். பெரியவனின் படுக்கை யாரும் தாண்டிப் போகாத மூலையில், மெத்தென்று இருக்க வேண்டும். வழுக்குகிற தரையில் அவன் நடக்கிற வழியெல்லாம் விரிப்பு போடுங்கள், இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கால் சறுக்குகிறவனுக்கு எரிச்சல் எப்படி அடங்கும்? தூங்குகிறவனைத் தொட்டு எழுப்பாதீர்கள், தூரத்திலிருந்தே கூப்பிடுங்கள், காது கேட்கவில்லை என்றால் தரையை லேசாகத் தட்டுங்கள், அதிர்வில் விழித்துக்கொள்வான். பூனைகளுக்கு உயரத்தில் உட்கார இடமும், நாய் நுழைய முடியாத ஓர் அறையும் வேண்டும். அவற்றின் மணல் தட்டும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.

மருந்து வேலை செய்து அவன் இளகிய பிறகு, ஆளுக்கு ஒரு நாயாகப் பிடித்துக்கொண்டு, வெளியே நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். இரண்டும் ஒன்றையொன்று முறைக்காமல் நடந்தால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். பிறகு வீட்டுக்குள், தடுப்புக்கு இரு பக்கமும். பிறகு தடுப்பில்லாமல் சில நிமிடம், கயிறு கையில் இருக்க. வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். பெரியவனுக்கு இப்போதிருந்தே வாய்க்கூடை பழக்குங்கள், கடையில் மசில் என்று கேட்டால் கொடுப்பார்கள். கூடை போன்றதுதான் வேண்டும், வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகை வேண்டாம். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

மறுபடி சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போனவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். பெரிய சத்தம், மேலே விழுகிற கனத்த போர்வை, நடுவில் நுழைக்க ஒரு பலகை, இவற்றில் எது கைக்கு எட்டுகிறதோ அது. குட்டியின் காதை டாக்டரிடம் காட்டினீர்களா? நீங்கள் எழுதவில்லை. பல் இறங்கிய காயம் வெளியே புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். மனிதர் யாருக்காவது கடியோ கீறலோ பட்டால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களாக முடிவு செய்யக்கூடாது.

மகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. நீங்கள் அறையில் இல்லாதபோது அவளும் அவனும் ஒரே அறையில் இருக்கக்கூடாது, ஒரு நிமிடம்கூட. அவன் படுத்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் கிட்டே போகக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது. அவனுக்கு இடுப்பு வலிக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். 6 வயதுக் குழந்தைக்கு அது புரியும்.

கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். வலியோடு இருக்கிற, கடித்த 11 வயது நாயை யார் எடுப்பார்கள்? எடுத்தாலும் அங்கே அவனுக்கு வாசனை புதிது, மனிதர்கள் புதிது, வலி மட்டும் பழையது. எல்லாம் செய்து பார்த்தும் இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாது என்று தெரிந்தால், குட்டிக்கு நல்ல வீடு தேடுங்கள், அதற்கு வயது இருக்கிறது, கிடைக்கும். சிகிச்சைக்குப் பிறகும் அவன் ஆழமாகக் கடிக்கிறான், மனிதர்மேல் பாய்கிறான் என்ற நிலை வந்தால், நாய்களின் நடத்தைக்கு மருத்துவம் பார்க்கிறவரைக் கேளுங்கள், அவனுக்கு வலியில்லாத மரணம் கொடுப்பது பற்றியும் டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கலாம். ஆனால் ஒரு தடவைகூட பரிசோதிக்காத நாயைப் பற்றி இன்றைக்கே அந்தப் பேச்சு வேண்டாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, மருந்து தொடங்கி இரண்டு வாரம் போனதும் எனக்கு எழுதுங்கள். நீளமாக எழுத வேண்டாம். எழுந்ததும் அவன் அப்படியே நிற்கிற அந்த நேரம் குறைந்திருக்கிறதா என்று ஒரு வரி போதும்.