விலை உயர்ந்த கேமிங் கீபோர்டும் மவுஸும் கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

கேள்வி: தம்பி சேலத்தில் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு படிக்கிறான். ராத்திரியில் வாலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவான். கேமிங் கீபோர்டும் மவுஸும் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும், வாங்கிக் கொடு என்கிறான். இப்போது வீட்டில் இருப்பது சாதாரண கீபோர்டு, மவுஸ், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். அவ்வளவு கொடுத்து வாங்கலாமா?

பதில்:

மவுஸ் வாங்கிக் கொடுங்கள். இரண்டாயிரம், மிஞ்சிப்போனால் மூவாயிரத்துக்குள். கீபோர்டுக்கு இப்போது அவசரமில்லை. மிச்சப் பணத்தை மானிட்டருக்கு எடுத்து வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை என்னிடம் நேரிலும் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

நான் சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கருப்பூர்ப் பக்கம் படிக்கும் கல்லூரிப் பசங்கள், டிடிபி சென்டர்காரர்கள், இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவர்கள் என்று எல்லோருடைய மவுஸும் கீபோர்டும் என் மேசைக்கு வரும். 600 ரூபாய் மவுஸும் 10,000 ரூபாய் மவுஸும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடக்கும்போது, அந்த வித்தியாசத் தொகை எதற்குப் போயிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் சென்சார். மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னக் கேமராதான். மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்து, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. பெயர் தெரியாத 300 ரூபாய் மவுஸில் மெதுவாக நகர்த்தும்வரை இந்தக் கணக்கு சரியாக இருக்கும். விளையாட்டில் பின்னால் ஆள் வந்துவிட்டான் என்று கையை வீசித் திருப்பும்போது கணக்குத் தப்பி, குறி எங்கோ போய் நிற்கும். உங்கள் தம்பிக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருப்பது அனேகமாக இதுதான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நல்ல சென்சார் இன்றைக்கு விலை உயர்ந்த பொருள் இல்லை. தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம்தான் பல கம்பெனிகளுக்குச் சென்சார் கொடுக்கிறது. ஒரு காலத்தில் உயர்ந்த மாடல்களில் மட்டும் இருந்த தரம் இப்போது 1,500, 2,000 ரூபாய் மவுஸிலேயே வந்துவிட்டது. லாஜிடெக் ஜி 102 ஒயர் மவுஸ் போதும். ஒயர் வேண்டாம் என்றால் அதே கம்பெனியின் ஜி 304, ஒற்றை ஏஏ பேட்டரியில் ஓடும். இந்த இரண்டில் எதை வைத்து விளையாடினாலும், தோற்றதற்குச் சென்சாரைக் காரணம் சொல்ல முடியாது.

“அண்ணா, இதுல 26,000 டிபிஐ இருக்கு” என்று பெட்டியைக் காட்டுவார்கள். டிபிஐ என்றால் மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் எத்தனை புள்ளி நகர வேண்டும் என்பது. சாதாரணத் திரையின் அகலமே 1,920 புள்ளிதான். 26,000 வைத்தால் ஓர் அங்குல அசைவுக்குக் குறி பதின்மூன்று திரைகளைத் தாண்டி ஓடும். யாரால் குறி பார்க்க முடியும்? போட்டிகளில் விளையாடுகிறவர்களே பெரும்பாலும் 400, 800, அதிகம் போனால் 1,600இல்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது போலிங் ரேட், அதாவது மவுஸ் தன் நிலையைக் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு எத்தனை தடவை சொல்கிறது என்பது. ஆபீஸ் மவுஸ் 125 தடவை சொல்லும், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. கேமிங் மவுஸ் 1,000 தடவை, மில்லிசெகண்டுக்கு ஒன்று. இது நல்ல முன்னேற்றம், கையிலேயே தெரியும். இப்போது 8,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 8,000 தடவை, என்று விற்கிறார்கள். அதில் கூடுதலாக மிச்சமாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. பழைய பிராசஸராக இருந்தால் அத்தனை தகவலை வாங்கிச் சமாளிக்க முடியாமல் கேமே திணறும்.

இப்போது உங்கள் வீட்டு மானிட்டரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம், அதாவது ஒவ்வொரு புதுப் படமும் வர கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் ஆகிறது. மவுஸ் ஒரு மில்லிசெகண்டில் சொல்லிவிட்டது, திரை இன்னும் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 7 மில்லிசெகண்டாக இறங்கும். எதிராளி ஓடுவது துண்டு துண்டாகத் தெரியாமல் ஒரே இழுப்பாகத் தெரியும். பத்தாயிரத்தைச் சுற்றி அப்படிப்பட்ட மானிட்டர்கள் கிடைக்கின்றன. வாலரண்ட் கனமான கேம் இல்லை, சுமாரான கிராபிக்ஸ் கார்டு இருந்தாலே நொடிக்கு 144 பிரேமை, அதாவது 144 படத்தைத் தொடும். 18,000இல் பெரும்பகுதி இதற்குப் போவதுதான் தம்பிக்கு நல்லது. வாங்கி மாட்டியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144 என்று மாற்றச் சொல்லுங்கள். புது மானிட்டரை 60இலேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நெட். சேலத்திலிருந்து வாலரண்டின் மும்பை சர்வருக்குத் தகவல் போய் வரவே சில பத்து மில்லிசெகண்ட் ஆகிவிடும். அதோடு வைஃபை விட்டு விட்டு இழுத்தால் எந்தக் கீபோர்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும், எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது அது.

சரி, அப்படியானால் பத்தாயிரம் ரூபாய் மவுஸில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எடை. உயர்ந்த மாடல்கள் 60 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. ஜி 102 85 கிராம். 25 கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் நாள் முழுக்க மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்கிறவர்களுக்கு அது மணிக்கட்டில் தெரியும். என்னைக் கேட்டால் அந்த விலைக்கு முழு நியாயம் விளையாடுகிறவர்களைவிட வேலை செய்கிறவர்களிடம்தான் இருக்கிறது. இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடும் ஒருவர், கட்டம் கட்டமாக நிறம் நிரப்பும் வேலை, காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை கிளிக்தான். அவருக்கு எடை குறைந்த கேமிங் மவுஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பட்டனில் ஒன்றுக்கு அன்டூ, இன்னொன்றுக்கு ஜூம் என்று வைத்துக் கொடுத்தேன். “இடது கையைக் கீபோர்டுக்குக் கொண்டுபோற வேலையே கொறைஞ்சிருச்சுங்க, மணிக்கட்டு வலியும் பரவால்ல” என்றார். அந்த மவுஸ் அவருக்குச் சோறு போடுகிறது. அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இனி ஆயுள் விஷயம். கேமிங் மவுஸில் எனக்கு அதிகமாக வரும் பழுது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுகிறது, அல்லது ஃபைலைப் பிடித்து இழுக்கும்போது பாதியில் நழுவுகிறது. இது விலை குறைந்ததிலும் வரும், விலை உயர்ந்ததிலும் வரும். இடது பட்டனுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய செம்புத் தகடு வளைந்து போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும். தொடும் இடம் தேய்ந்தோ, மேலே படலம் படிந்தோ போனால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், கம்ப்யூட்டர் அதை இரண்டு கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற மவுஸ்களில் இதைக் கூடுதலாகவே பார்க்கிறேன். பனியும் ஈரக்காற்றும் உலோகத்தை விடுவதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், அந்த ஸ்விட்சின் விலை சில பத்து ரூபாய்தான். சாலிடர் வைக்கத் தெரிந்த ஆள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மவுஸை இதற்காகக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. இன்னொரு வழி, ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ள மவுஸ். அதில் உலோகம் உலோகத்தைத் தொடாது. பட்டனை அழுத்தும்போது ஓர் ஒளிக்கற்றை மறைக்கப்படும் அல்லது திறந்துவிடப்படும், அதுவே கிளிக். உலோகம் தேய்ந்து வரும் இரட்டைக் கிளிக் தொல்லை அதில் வர வழியில்லை. கூடுதல் பணம் கொடுப்பதென்றால் டிபிஐக்கு வேண்டாம், இதற்குக் கொடுங்கள்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது: பக்கவாட்டில் மெத்தென்று ரப்பர் பூச்சு உள்ள மாடலைத் தவிர்த்துவிடுங்கள். கடையில் தொட்டால் சுகமாக இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலும் கை வேர்வையும் சேர்ந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் பிசுபிசுவென்று ஆகி, கையில் ஒட்ட ஆரம்பிக்கும். வெறும் பிளாஸ்டிக்தான் நம் ஊருக்கு நிற்கும்.

இப்போது கீபோர்டு. சாதாரணக் கீபோர்டில் கீகளுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கும் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும் பிளாஸ்டிக் தாள். குறிப்பிட்ட மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால் எது அழுந்தியது என்று அதற்குக் குழப்பம் வரும், அதனால் ஒன்றை விட்டுவிடும். ஓடிக்கொண்டே குதித்துத் திரும்பும்போது ஒரு கீ வேலை செய்யவில்லை என்று தம்பி சொன்னால் அது இதுதான். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஷிப்ட் கீயையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நோட்பேடில் ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாக அடியுங்கள். சில எழுத்துகள் வராமலே போனால் குழப்பம் இருக்கிறது. ஷிப்டோடும் ஸ்பேஸ் பாரோடும் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் ஒழுங்காக வந்துவிட்டால், விளையாட்டுக்கு அந்தக் கீபோர்டே போதும்.

கேமிங் என்று விற்கும் மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பெரும்பாலும் கீக்கு ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்) வைத்து இந்தக் குழப்பத்தை ஒழித்திருப்பார்கள். ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச், ஸ்பிரிங் இருக்கும். இது ஒன்றும் புது விஷயமில்லை. டிடிபி சென்டர்களிலும் கோர்ட் பக்கத்து டைப்பிங் கடைகளிலும் டக் டக் என்று சத்தம் போடும் டிவிஎஸ் கோல்டும் மெக்கானிக்கல்தான். கலர் லைட் கிடையாது, கேமிங் என்று பெயர் கிடையாது, வருஷக்கணக்கில் உழைக்கிறது. 1980களில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்சின் காப்புரிமை முடிந்ததும் சீனக் கம்பெனிகள் அதே வடிவத்தில் செய்ய ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் இன்றைக்கு 2,500, 3,000 ரூபாய்க்கே மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்கிறது.

அதில் பார்க்க வேண்டியது ஹாட்ஸ்வாப் வசதி. ஒரு கீ கெட்டால் சாலிடர் இல்லாமல் அந்த ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றைச் செருகலாம். 3,000 ரூபாய்க் கீபோர்டில் இது இருக்கிறது, 12,000 ரூபாய்க் கீபோர்டில் இல்லாமலும் இருக்கிறது. எனக்கு இரண்டில் ஒன்றை எடு என்றால் யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுப்பேன். கிளிக் கிளிக் என்று சத்தம் போடும் நீல ஸ்விட்ச் வேண்டாம், ராத்திரி விளையாடினால் வீட்டில் யாரும் தூங்க முடியாது. சிவப்பு வாங்குங்கள்.

இதில் ஒரே ஒரு வகை மட்டும் விளையாட்டில் நிஜமாகவே கை கொடுக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காந்த ஸ்விட்ச், ஹால் எஃபெக்ட் என்று கேட்டால் காட்டுவார்கள். சாதாரண மெக்கானிக்கல் கீ 2 மில்லிமீட்டர் இறங்கினால்தான் பதிவாகும், விட்டதாகக் கணக்காக வேண்டுமென்றால் மறுபடி அந்த இடத்தைத் தாண்டி மேலே வர வேண்டும். காந்த ஸ்விட்ச், கீ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து அளந்துகொண்டே இருப்பதால், விரல் லேசாக மேலே எழும்பினாலே விட்டதாக எடுத்துக்கொள்ளும். வாலரண்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியில் விழாது, சட்டென்று நின்று சுட வேண்டும். அங்கே இது உதவும். ஆனால் இரண்டு திசைக் கீயையும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வசதியைக் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற இன்னொரு துப்பாக்கி கேமில் அதன் தயாரிப்பு நிறுவனமான வால்வ் 2024 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். தம்பி அந்த கேமும் விளையாடுவானென்றால் அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். காந்த ஸ்விட்ச் கீபோர்டும் இப்போது ஐந்தாயிரம் அளவுக்கு இறங்கி வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்து வாங்கினால் நல்லதாகவே கிடைக்கும்.

வாங்கும்போது தம்பியைக் கடைக்கு அழைத்துப் போங்கள். மவுஸும் செருப்பு மாதிரிதான், அடுத்தவருக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாது. சாரதா காலேஜ் ரோடு, ஐந்து ரோடு பக்கத்துக் கடைகளில் பிடித்துப் பார்க்க விடுவார்கள். உள்ளங்கை முழுக்கப் படிய வைத்துப் பிடிக்கிறானா, விரல் நுனியில் பிடிக்கிறானா என்று பாருங்கள். முதல் வகைக்குப் பெரிய மவுஸ், இரண்டாவதற்குச் சின்னது. ஆன்லைனில் பாதி விலைக்குப் பெரிய கம்பெனி மவுஸ் என்று வந்தால் நம்பாதீர்கள், போலிகள் நிறையச் சுற்றுகின்றன. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கி, பெட்டியையும் வாரண்டி முடியும்வரை வைத்திருங்கள். கண்ணாடி மேசையாக இருந்தால் 400 ரூபாய்க்கு ஒரு பெரிய துணி பேடும் சேர்த்து வாங்குங்கள், கண்ணாடியில் பெரும்பாலான சென்சாருக்குக் கண் தெரியாது.

அதற்கு முன்னால் அந்த இரண்டு ஷிப்ட் சோதனையை இன்றைக்கு ராத்திரியே செய்து பாருங்கள். எந்தெந்த எழுத்து வரவில்லை, கம்ப்யூட்டரில் என்ன கிராபிக்ஸ் கார்டு என்று கீழே எழுதினால், மானிட்டர் எது வாங்கலாம் என்று சொல்கிறேன்.