குழாய்க்கிணறு: எந்த ஆழத்தில் நிறுத்துவது?

கேள்வி: எங்கள் 28 அடிக் கிணறு ஆவணியில் அடி தட்டிவிடுகிறது. வளவுக்குள் 120 அடிக்குக் குழாய்க்கிணறு அடித்தால் வற்றாது என்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: வற்றாது, உண்மைதான். சவர்த் தண்ணீர் வற்றாமல் கிடைத்து என்ன பயன்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அங்கே நிற்கும் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் என்பது கணக்கு. கோடையில் உங்கள் நீர்மட்டம் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது என்று வைத்தால் 60 அடி. அதுவும் ஏட்டுக் கணக்கு. நன்னீரும் உவரும் கலந்த பகுதியும் அதற்குள் அடக்கம். ஆகவே மூன்றில் ஒரு பங்கோடு, அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே 20 அடியில் நிறுத்துங்கள். உங்கள் வளவில் அது தரையிலிருந்து 50 அடிக்குள் வரும். 120 அடி என்றால் உவருக்குள்ளேயே போய் நிற்பீர்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்பது ஊரறிந்த விஷயம்.

துளைக்கும்போது தண்ணீர் தட்டியதும், ஒவ்வொரு 5 அடிக்கும் நிறுத்தி, வெளியே வரும் தண்ணீரின் மின்கடத்துதிறனை (உப்புக் கூடக் கூட இதுவும் கூடும்) அளக்கச் சொல்லுங்கள். கைக்கருவி போதும். அளவு திடீரென்று ஏறினால் அந்த இடத்தோடு சரி. ஏறிய பிறகும் துளைத்துவிட்டால், அடியிலிருந்து, அளவு ஏறிய மட்டத்துக்கு மேலே வரை சீமெந்துக் கலவையால் அடைக்க வேண்டும்.

மோட்டரும் இதே கணக்குக்குள்தான். இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், கீழிருந்து உவர் 40 அடி வரை ஏறப் பார்க்கும். அரைக் குதிரைவலு மோட்டர், 1,000 லீற்றர் தாங்கி, விட்டுவிட்டு இறைப்பு. உறிஞ்சும் வாய் துளையின் அடியில் வேண்டாம். கோடை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

கேள்வி: 18 அடியில் துளைகருவி தொப்பென்று ஓரடி இறங்கியது. காற்றும் கல்தூளும் மேலே வரவில்லை. தண்ணீர் இன்னும் தட்டவில்லை. “நல்ல ஊற்றுக்கண், குழாயை இறக்கிவிடலாம்” என்கிறார் துளைப்பவர்.
– வாசகி, சுன்னாகம்

பதில்: நீர்மட்டத்துக்கு மேலே கிடப்பது ஊற்றுக்கண் அல்ல, வெறும் பொந்து. மழையில் அயல் மலசலகூடக் குழிகளின் கழிவு அதன் வழியாகத்தான் உங்கள் கிணற்றுக்குள் வரும். தூள் மேலே வராமல் தொடர்ந்து துளைத்தால் அது கருவியின் மேல் படிந்து, கருவி சிக்கிக்கொள்ளும். அடிக்கடி தூக்கித் துப்புரவாக்கியபடி இறங்கி, உறுதியான கல்லுக்குள் 5 அடியாவது போக வேண்டும். 6 அங்குல பீ.வீ.சீ. குழாய்க்கு 10 அங்குலத் துளை எடுத்தால்தான் சுற்றிலும் சீமெந்து சீராக இறங்கும்.

50 கிலோ மூட்டைக்கு 25 லீற்றர் தண்ணீர், மணல் வேண்டாம். மேலேயிருந்து வாளியால் ஊற்றினால் நடுவில் வெற்றிடம் விழும். பீ.வீ.சீ. குழாய்க்கு வெளியே உள்ள இடைவெளியில் 1 அங்குலக் குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து நிரப்புங்கள். 10 அடிக்கு ஏறத்தாழ இரண்டரை மூட்டை பிடிக்கும். நான்கு மூட்டை போயும் மட்டம் ஏறாவிட்டால் கலவை பொந்துக்குள் போகிறது. நிறுத்திவிடுங்கள். பொந்தின் மட்டம் வரை சல்லிக்கல் போட்டு, அதன்மேல் மூன்றடி ஊற்றி, ஒரு நாள் இறுகவிட்டு, மிச்சத்தை நிரப்பலாம். இந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் சீமெந்தையே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: மலசலகூடக் குழி 50 அடிக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆனாலும் மழைக்குப் பின் தண்ணீர் கலங்குகிறது. கொதிக்கவைத்தால் போதுமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: 50 அடி மணல் வடிகட்டும்; வெடித்த சுண்ணாம்புக்கல் வடிகட்டாது. குழியின் அடியையும் சுவரையும் நீர் கசியாதபடி கட்டுவதுதான் வழி. அது நடக்கும்வரை குளோரின் போட்டாலும் அடுத்த மழைக்குப் பழையபடிதான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கழிவிலிருந்து கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பரிசோதனையில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள்.