கண்ணாடியே பசையாக

கேள்வி: கழற்றிப் போட்ட பழைய மஞ்சள் தெருவிளக்கு ஒன்றைப் பார்த்தேன். உள்ளே இருந்த மெல்லிய வெள்ளைக் குழாயின் இரு முனைகளிலும் உலோகம் பொருந்தியிருந்தது. மறையும் இல்லை, பற்றவைத்த தடமும் இல்லை. பீங்கான் போன்ற பொருளோடு உலோகத்தை எப்படி இணைத்தார்கள்?

பதில்: நீங்கள் பார்த்தது உயர் அழுத்தச் சோடியம் ஆவி விளக்கு. எரியும்போது அந்தக் குழாய்க்குள் இருக்கும் சூடான சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியையும் குவார்ட்சையும் அரித்துவிடும் என்பதால், குழாயை அலுமினா என்ற செராமிக்கில் செய்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள், அலுமினாவோடு மிகச் சிறிதளவு மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துச் சுட்டு, ஒளியைத் தடுத்த நுண்துளைகளை நீக்கிக் காட்டிய பிறகே இந்த விளக்கு சாத்தியமாயிற்று.

மின்சாரம் உள்ளே செல்ல உலோகம் வேண்டும். எந்த உலோகம் என்பதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. ஒரு மீட்டர் நீள அலுமினாவை 1000 டிகிரி சூடேற்றினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். எஃகு அதைவிட மிகுதியாக, 12 மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். விளக்கு எரிந்து அணையும் ஒவ்வொரு முறையும் இந்த வேறுபாடு இணைப்பை இழுத்து உடைத்துவிடும். நியோபியம் என்ற உலோகமோ ஏறக்குறைய அலுமினாவின் அளவே நீளுகிறது. ஆகவே அதையே தேர்ந்தார்கள்.

இரண்டையும் பிணைப்பது ஒரு தனிவகைக் கண்ணாடி. சோடியம் மணல்வகைக் கண்ணாடியைத் தாக்கும் என்பதால், கால்சியம் ஆக்சைடும் அலுமினாவும் முதன்மையாகச் சேர்ந்த கண்ணாடியைப் பொடித்து, வளையமாக அழுத்தி, இணைப்பின் மேல் வைத்துக் காற்று நீக்கிய உலையில் 1400 டிகிரி செல்சியசை ஒட்டிச் சூடேற்றுகிறார்கள். உருகிய கண்ணாடி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, குழாய்க்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் தானாகவே பரவி, இரண்டையும் நனைத்துப் பற்றிக்கொள்கிறது. பின்னர் நிதானமாக ஆற வைக்க வேண்டும்; அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். நியோபியம் சூட்டில் காற்றுப்பட்டால் கெட்டுவிடும் என்பதால் வெளிக்குமிழிலும் காற்றை நீக்கிவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் இருந்த எனாமல் தட்டும் இதற்கு உறவுதான். அங்கே இரும்பின் மேல் கண்ணாடி உருகிப் படிந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால், உடைந்த பீங்கான் கைப்பிடியை எவர்சில்வர் பாத்திரத்தோடு பாட்டில் கண்ணாடியை உருக்கி ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். எவர்சில்வர் பாட்டில் கண்ணாடியைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆறும்போதே கண்ணாடி தெறித்துக் கண்ணில் படக்கூடும். அடுப்பில் வைக்காத பாத்திரமென்றால், இரு பகுதிகளாக வந்து கலந்து பூசும் எபாக்சி பசை போதும். அடுப்பில் வைப்பதென்றால் கைப்பிடியை மாற்றிவிடுங்கள்.