பழைய சாவடியில் நூலகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊர்ச் சாவடி தாத்தா காலத்துக்கும் முந்தியது. கல் தூண்கள், தேக்குக் கட்டை போட்டு, அதன் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அதை நூலகமாக்க ஊரில் பேச்சு நடக்கிறது. ஆனால் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். பத்து வருஷம் முன்பு பூசிய சிமென்ட் பூச்சு பொரிந்து விழுகிறது, கூரையும் ஒழுகுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே லாபம் என்கிறார் கான்ட்ராக்டர். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: லாபம் யாருக்கு என்று கேட்டீர்களா அம்மா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சுவரைக் கெடுப்பது அந்தச் சிமென்ட் பூச்சுதான். அந்தக் காலத்துச் சுவர்களில் ஓதத்தைத் தடுக்கத் தனி அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் ஏறும், சுண்ணாம்புக் காரை வழியே காய்ந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்தது. ஈரம் போக்கிடமில்லாமல் மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து அதை வெளியே தள்ளுகிறது. திரும்பவும் சிமென்ட் பூசினால் இதே கதை இன்னும் கொஞ்சம் உயரத்தில் நடக்கும்.

முதல் செலவைத் தண்ணீருக்குச் செய்யுங்கள். தெருவில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு உங்கள் சாவடி பள்ளத்தில் நிற்கிறதா பாருங்கள். அப்படியானால் சுவரை ஒட்டி மண்ணை வெட்டி இறக்கி, வடிகால் எடுத்துவிடுங்கள். பாதி ஓதம் அதிலேயே குறையும். அப்புறம் கூரை. ஆலஞ்செடி, அரசஞ்செடி முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். தேக்குக் கட்டைகள் நடுவில் நன்றாகத்தான் இருக்கும், சுவருக்குள் நுழையும் முனைதான் உளுக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உளுத்த கட்டையை மட்டும் மாற்றினால் போதும், பழைய மரக்கடைகளில் தேக்கு கிடைக்கும். ஒழுகுகிறதே என்று மேலே கான்கிரீட் கொட்டிவிடாதீர்கள், கட்டை அந்தப் பாரத்தைத் தாங்காது. கூரை மேல் பதித்த பழைய தட்டோட்டை (தட்டையான ஓட்டை) பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, மறுபடி தட்டோடு பதிக்க வேண்டும்.

சிமென்ட் பூச்சைச் சின்ன உளியால் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில் மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூச வேண்டும். பாலக்கோட்டுக்காரருக்கு வெல்லம் எங்கே கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! கொத்தனாரான என் அப்பா கரண்டியில் காரையை எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். ஒட்டி நின்றால்தான் சுவருக்குப் போகும். வெளிப்பூச்சுக்கு வெள்ளையடித்தால் போதும், பெயின்ட் வேண்டாம்.

நூலகத்துக்கென்று சில விஷயங்கள். புத்தக அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். ஒயரைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளியே பைப்பில் கொண்டுபோங்கள். கழிப்பறையைத் தனியாகப் பின்னால் கட்டுங்கள். திண்ணைக்கு ஒரு பக்கம் சாய்தளம் கட்டாயம் வேண்டும்.

வேலையின்போது எழுத்தோ உருவமோ செதுக்கிய கல் தென்பட்டால் கை வைக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். தருமபுரி நடுகற்களுக்குப் பேர்போன மாவட்டம். வீரன் நிற்கும் கல்லில் துணி துவைக்கும் ஊர்களும் இங்கே உண்டு.

இடிக்கச் சொல்பவரிடம் சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் பழைய அரண்மனையான கலச மகாலைச் சொல்லுங்கள். 2012 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தது. பொதுப்பணித் துறை அதைச் சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது இயங்குவது அங்கேதான். உங்கள் சாவடி வெறுமனே ஒழுகத்தானே செய்கிறது!

கேள்வி: சிமென்டைவிடச் சுண்ணாம்பு சூழலுக்கு நல்லது என்கிறார்கள். சுண்ணாம்பு சுட்டாலும் கரியமில வாயு வரத்தானே செய்கிறது? அப்புறம் என்ன பசுமை?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்கு ஏறத்தாழ 900 டிகிரி சூடு போதும், சிமென்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். பூசிய சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து அந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மிச்சம், ஏற்கெனவே நிற்கும் கல்லையும் செங்கல்லையும் மரத்தையும் குப்பையில் கொட்டாமல் இருப்பதுதான்.

கேள்வி: பழைய கட்டடத்தின் மேல் சோலார் பேனல் வைக்கலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மெட்ராஸ் டெரஸில் ஆணி அடித்து வைக்காதீர்கள், ஓட்டை வழியே மழை இறங்கும். சைக்கிள் நிறுத்த ஒரு ஷெட் போடுவீர்கள் அல்லவா, அதன் மேல் தாராளமாக வையுங்கள். ஃபேனும் எல்இடி விளக்குகளும் ஓட அது போதும்.