ஊறலிலிருந்து எரிபொருள்: சவ்வு எங்கே உதவும், எங்கே உதவாது

கேள்வி (இராணிப்பேட்டை, தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பணியாளர்): எங்களிடம் ஆர்.ஓ. சவ்வுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கொண்டே ஊறலிலிருந்து, அதாவது நொதித்த கரைசலிலிருந்து, எத்தனாலைப் பிரிக்க முடியாதா?

பதில்: முடியாது. ஆர்.ஓ. சவ்வு உப்பை நிறுத்தும். எத்தனால் மூலக்கூறு சிறியது, மின்னேற்றமும் இல்லாதது. பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்தே கடந்துவிடும். இங்கே வேண்டியது பெர்வாப்பரேஷன். சவ்வின் ஒரு பக்கம் ஊறல், மறுபக்கம் வெற்றிடம். சிலிக்கோன் ரப்பர் வகையான பி.டி.எம்.எஸ். சவ்வை வெறும் சல்லடையாக நினைக்காதீர்கள். தண்ணீரை வெறுக்கும் அந்தப் பொருளில் ஆல்கஹால் முதலில் கரைகிறது, ஊடுருவுகிறது, மறுபக்கம் ஆவியாக வெளியேறுகிறது. அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கிறோம்.

கேள்வி (திருவலம், கரும்பு விவசாயி): அப்படியானால் காய்ச்சி வடிப்பதையே விட்டுவிடலாமே, ஐயா?

பதில்: எத்தனாலுக்கு அவசரப்பட வேண்டாம். கழிவுப்பாகு ஊறலில் பத்து சதவீதத்தை ஒட்டி எத்தனால் இருந்தால் வடிகோபுரமே மலிவு. அது திணறுவது கடைசியில்தான். எடையில் 95.6 சதவீதத்தை எட்டியதும் எத்தனாலும் மீதித் தண்ணீரும் ஒரே விகிதத்தில் கொதிக்கும். பெட்ரோலில் கலக்கவோ 99.5 சதவீதம் வேண்டும். அங்கே நேர்மாறான சவ்வு உதவும்: பி.வி.ஏ. எனும் பாலிவினைல் ஆல்கஹால், தண்ணீரை மட்டும் விடும். 1980களிலேயே தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான ஆலைகள் தண்ணீரை உறிஞ்சும் ஜியோலைட் மணிகளையே நம்புகின்றன.

கேள்வி (காட்பாடி, வேதிப்பொறியியல் மாணவி): பியூட்டனாலைச் சவ்வால் பிரிப்பது பற்றி ஏன் இவ்வளவு ஆராய்ச்சிக் கட்டுரைகள்? பி.டி.எம்.பி. சவ்வு எப்படி?

பதில்: நியாயமான காரணம் இருக்கிறது, அம்மா. பியூட்டனாலும் எரிபொருளாகக்கூடிய ஓர் ஆல்கஹால்தான். ஆனால் அதைத் தயாரிக்கும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுக்கே அது நஞ்சு. லிட்டருக்குச் சுமார் 12, 13 கிராம் சேர்ந்ததும் நொதித்தல் நின்றுவிடும். அந்தச் சொற்ப அளவுக்காக ஊறல் முழுவதையும் சூடாக்குவது நட்டக்கணக்கு. சவ்வை நொதிகலனோடு இணைத்தால், உண்டாக உண்டாக எடுத்துக்கொண்டே இருக்கலாம். பாக்டீரியாவும் தொடர்ந்து வேலை செய்யும். இன்னொரு வசதியும் உண்டு. பியூட்டனால் தண்ணீரில் எட்டு சதவீதம் வரைதான் கரையும். குளிர்வித்த திரவம் அதைத் தாண்டினால் தானாகவே இரண்டு அடுக்காகும். பியூட்டனால் மிகுந்த மேல் அடுக்கைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். சவ்வுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

பி.டி.எம்.பி. சவ்வு பற்றியும் கேட்டிருந்தீர்கள், பி.டி.எம்.எஸ்.பி.யைத்தான் சொல்கிறீர்கள் என நினைக்கிறேன். ஆல்கஹாலை விடும் இன்னொரு பாலிமர் அது. தொடக்கத்தில் அபாரமாக விடும். நாளாக ஆக உள்ளிடைவெளி சுருங்கி ஓட்டம் குறையும். ஆய்வகத்துக்குச் சரி, ஆலைக்கு வேண்டாம்.

கேள்வி (ஆரணி): சவ்வு அடைத்துக்கொள்ளாதா?

பதில்: அடைக்கும். செல்களும் புரதமும் படியும். முன்னால் ஒரு நுண்வடிகட்டி வையுங்கள்.

கேள்வி (குடியாத்தம்): வீட்டில் சிறிய அளவில் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. உரிமம் இல்லாமல் ஊறல் போடுவது குற்றம், ஆவி தீப்பிடிக்கும்.

கேள்வி (வாலாஜா, சிறுதொழில் முனைவோர்): செலவு எதில் அதிகம்?

பதில்: சவ்வின் விலையையே எல்லோரும் கேட்கிறார்கள், நான் முதலில் குளிர்விப்பைப் பார்ப்பேன். வெற்றிடத்தில் ஆவியைத் திரவமாக்க நல்ல குளிர் வேண்டும். ஆய்வகத்தில் திரவ நைட்ரஜனை ஊற்றி முடித்துவிடுவார்கள். வேலூர்ச் சித்திரை வெயிலில் குளிர்கோபுரத் தண்ணீர் அதற்குப் போதாது, சில்லர் எனும் குளிர்விப்பு இயந்திரம் வேண்டும். அதற்கும் வெற்றிடப் பம்புக்கும் ஆகும் மின்கட்டணத்தைக் கோடைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு சவ்வுக்கு விலை கேளுங்கள்.