கார்பன் பூச்சு எங்கே காக்கும், எங்கே கெடுக்கும்? – கேள்வி பதில்

மின்கலப் பொருள்களையும் அவற்றின் மேற்பூச்சுகளையும் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லித்தியம் அயனி மின்கலத்தின் நேர்மின்வாய்க்கான (பாசிட்டிவ் எலக்ட்ரோடு) லித்தியம் இரும்பு பாஸ்பேட் தயாரிக்கும்போது குளூக்கோஸ் சேர்க்கிறார்களே, மின்கலத்துக்குள் சர்க்கரைக்கு என்ன வேலை?

பதில்: மின்கலத்துக்குள் போகும்போது அது சர்க்கரையாக இருப்பதில்லை. ஆர்கான் வாயு ஓடும் உலையில் 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது உருகி, கருகி, ஒவ்வொரு துகளையும் சுற்றி மெல்லிய கார்பன் தோலாகப் படிகிறது. 1997இல் மின்கல ஆய்வாளர் ஜான் குட்இனஃபின் குழு இந்தப் பாஸ்பேட்டை மின்வாய்ப் பொருளாக முன்வைத்தபோதே அதன் பெரிய குறை தெரிந்திருந்தது: மின்சாரத்தை அது கடத்துவதே அரிது. கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஒரு சீமென்ஸில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில்தான். எலக்ட்ரான்களுக்கு வழி திறந்துவிடுவது கார்பன் தோல்தான்.

அதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்காமல் தடுக்கிறது. இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையாமலும் பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை என் உலையின் வாயுக் குழாயில் சிறு கசிவு இருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்தால், பொடியை வைத்துச் சுடும் படகு வடிவப் பாத்திரத்தில் மேலடுக்கு செங்கல் நிறம், கிளறினால் அடியில் கறுப்பு. மேலே இருந்த கார்பன் எரிந்துபோக, காவல் இழந்த இரும்பு துருவின் நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது. அந்தப் பொடி முழுவதையும் கொட்டிவிட்டேன்.

கேள்வி: இதே முறையை இன்னொரு நேர்மின்வாய்ப் பொருளான நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் ஆக்சைடுக்குச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பாஸ்பேட்டில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்துவைத்திருக்கிறது. இந்த ஆக்சைடுகளில் அந்தப் பிடி இல்லை. அந்தச் சூட்டில் கார்பன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். நிக்கல் உலோகமாகவே பிரிந்துவிடும். காப்பாற்றப் போட்ட பூச்சே பொருளைத் தின்றுவிடுகிறது. அலுமினியம் ஆக்சைடு போன்ற பூச்சுகள் இங்கே பொருந்தும்.

கேள்வி: சிலிக்கான் எதிர்மின்வாய் சீக்கிரம் பொடிந்துவிடுகிறது. தடித்த கார்பன் உறை போட்டால் நிற்குமா?

பதில்: தடிமனால் இதைத் தீர்க்க முடியாது. எதிர்மின்வாயில் வழக்கமாக இருக்கும் கிராபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி சேமிக்கும். சிலிக்கான் ஏறத்தாழ 3,579. அதற்கு ஈடாக, லித்தியம் நிறையும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இறுக்கமான உறை எவ்வளவு தடித்ததானாலும் வெடிக்கும். வெடித்த இடத்தில் புதிய பரப்பு மின்பகுளியை (மின்வாய்களுக்கு நடுவே அயனிகளைக் கடத்தும் திரவம்) சந்திக்கிறது, அங்கே லித்தியம் வீணாகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இதே கதை. சிலிக்கானுக்கும் உறைக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, முட்டை ஓட்டுக்குள் மஞ்சள் கரு இருப்பதைப்போல் அமைப்பதே சரியான வழி. வீங்க இடம் கிடைக்கும், உறை உடையாமல் இருக்கும். செய்வது கடினம்தான், ஆனால் செய்யத் தகுந்த கடினம்.

கேள்வி: பூச்சு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

பதில்: பாஸ்பேட்டுக்குச் சில நானோமீட்டர் போதும். அதற்குமேல் போனால் லித்தியம் அயனிக்குத் தடை, எடைக்குச் சுமை. ஹார்ட் டிஸ்க் தட்டின் மீதுள்ள வைரம் போன்ற கார்பன் படலமும் சில நானோமீட்டர்தான்.

கேள்வி: ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராபீனைப் பூசினால் உலோகம் துருப்பிடிக்காது என்கிறார்களே?

பதில்: குறுகிய காலத்துக்கு உண்மை. கிராபீனில் ஓட்டையோ மடிப்போ இல்லாமல் பெரிய பரப்பில் பூசுவது இன்றும் எளிதல்ல. கார்பன் மின்சாரம் கடத்துவது. இரும்பையும் தாமிரத்தையும் விட அரிப்புக்கு எளிதில் மசியாதது. ஈரம் ஓர் ஓட்டையை எட்டிவிட்டால் அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகி, திறந்திருக்கும் உலோகம் வேகமாக அரிக்கப்படும். பாலத்துக்கோ குழாய்க்கோ என்றால் மின்சாரம் கடத்தாத நல்ல பெயின்டைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: என் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மாதிரியைக் காற்றில் சூடாக்கி எடை பார்த்தேன். எடை குறையாமல் கூடுகிறது. கார்பனே படியவில்லையா?

பதில்: படிந்திருக்கலாம், பதற்றம் வேண்டாம். கார்பன் எரிந்து எடை குறையும் அதே நேரத்தில் இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடையைக் கூட்டுகிறது. தூய பாஸ்பேட் முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 5.07 சதவீதம் கூடும். உங்கள் மாதிரி 3 சதவீதம் கூடியிருந்தால், கார்பன் தோராயமாக 2 சதவீதம்.