அப்பாவின் ஒமேகா வாட்ச்: புது டயல் போட்டு விற்கலாமா?

கேள்வி: என் அப்பா சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1966-ல் அங்கே ஒரு ஒமேகா கான்ஸ்டலேஷன் வாட்ச் வாங்கினார். அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது, உயில் எழுதவில்லை. அம்மா, அக்கா, நான் என்று மூவர் இருக்கிறோம். என் மகளுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருக்கிறது. முதல் வருடக் கட்டணம் 1.6 லட்சம். 4,500 ரூபாய் செலவில் டயலைப் புதுசாக்கி, கேஸுக்கு (வெளி உலோகக் கூட்டுக்கு) பாலிஷ் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் வாட்ச் ரிப்பேர் கடைக்காரர். போனில் பேசிய ஒருவர் இப்படியே 60,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இன்டர்நெட்டில் பார்த்த அத்தான், 5 லட்சத்துக்குக் குறைத்துக் கொடுக்கவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மூடியைத் திறந்து எடுத்த படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: வாட்ச் இப்போது கடையில் இருந்தால், இதைப் படித்த கையோடு போய் வாங்கி வந்துவிடுங்கள். டயலில் யாரும் கை வைக்கக் கூடாது, பாலிஷும் வேண்டாம்.

கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. கையில் கட்டிக்கொள்பவருக்கு வாட்ச் பளிச்சென்று இருக்க வேண்டும். அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். பழைய வாட்ச் சேகரிப்பவர் தேடுவதோ அறுபது வருடமாக யாரும் தொடாத டயலை. இந்த மாதிரி வாட்ச்சின் விலையில் பெரும்பகுதி டயலிலேயே இருக்கிறது. ‘டயல் பெயின்ட்’ என்றால் பெரும்பாலும் பழைய டயலையே சுரண்டிவிட்டு அதன் மேல் புது வர்ணம் பூசி எழுத்தைப் பதிப்பதுதான். சுரண்டியது போனது போனதுதான். என் பெரியப்பாவின் சீமாஸ்டருக்கு (அதுவும் ஒமேகாவின் ஒரு மாடல்தான்) அப்படித்தான் நடந்தது. வெள்ளை வெளேரென்று திரும்பி வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பத்து வருடம் கழித்து வாங்க வந்தவர், லென்ஸை வைத்து அரை நிமிடம் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் மேசை மேல் வைத்துவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இனி உங்கள் படங்கள். நாற்பது வருடமாக சுவிஸ் வாட்ச்களைக் கழற்றி மாட்டும் ஒரு மாஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் சரிந்தும் இருக்கும் இந்த டயலை ‘பை-பேன்’ என்பார்கள். சரிவு தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு பட்டைகள் இருக்கும். உங்களுடையதில் அந்த விளிம்புகள் கத்தி வைத்து வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கின்றன. பெயின்ட் அடித்த டயலில் முதலில் மழுங்கிப்போவது இந்த விளிம்புதான். அடுத்து எழுத்து. ஒமேகா குறியும் 6 மணிக்கு மேலே உள்ள நட்சத்திரமும் தனி உலோகத் துண்டுகளாகப் பதித்தவை. அவற்றின் அடியைச் சுற்றி வர்ணம் வழிந்த தடம் இல்லை. ‘ஆட்டோமேட்டிக் க்ரோனோமீட்டர்’ என்ற வரியின் எழுத்துகள் மெலிதாக, ஒரே அளவில் நிற்கின்றன. (க்ரோனோமீட்டர் என்றால் நேரத் துல்லியத்தைச் சோதித்துச் சான்று பெற்ற வாட்ச்.) கீழே ‘சுவிஸ் மேட்’ இருக்க வேண்டிய இடத்தில் நேராக இருக்கிறது. 4 மணிக்குப் பக்கத்தில் தேமல் மாதிரி படர்ந்திருக்கும் பழுப்புப் புள்ளிகளைத்தானே கடைக்காரர் அசிங்கம் என்கிறார்? அந்தப் புள்ளிகள் இருப்பதால் விலை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அவற்றை மறைக்க டயலைப் புதுசாக்கினால் பாதி விலை போய்விடும்.

உள்ளே இருப்பதும் பொருந்திப்போகிறது. பின்மூடியின் உட்புறம் 168.005 என்று இருக்கிறது. தேதி காட்டும் கான்ஸ்டலேஷனுக்கு உரிய எண் அது. மிஷினில் 561 என்ற வகை எண்ணும், 24 கற்கள் (உராய்வைக் குறைக்கப் பதிக்கும் சின்னக் கற்கள்) என்றும் இருப்பதும் அதற்குச் சரியான ஜோடி. வாட்ச்சை ஐந்து நிலைகளில் வைத்தும் வெப்ப மாற்றத்திலும் சரிபார்த்தது என்ற வாசகம் பொறித்திருக்கிறது. இதை அவசியம் பார்க்க வேண்டும். ஏனென்றால் 562 என்ற சீமாஸ்டர் மிஷினும் கிட்டத்தட்ட இதே உருவம், இதே செம்பு நிறம், அதே 24 கற்கள்தான். ரிப்பேரில் கான்ஸ்டலேஷன் மிஷின் பழுதாகிவிட்டால் 562-ஐ எடுத்துப் பொருத்திவிடுவது உண்டு. வாட்ச் ஓடும், க்ரோனோமீட்டர் என்று டயல் சொல்வது மட்டும் பொய்யாகிவிடும். உங்கள் மிஷினின் வரிசை எண் 22-ல் தொடங்கும் எட்டு இலக்கம். அது ஏறத்தாழ 1965-ஆம் வருடத்தைக் காட்டுகிறது. ஸ்விட்சர்லாந்தில் செய்து, கப்பலேறி, கடையில் சில மாதம் இருந்து 1966-ல் அப்பா கைக்கு வந்திருக்கிறது என்றால் கணக்கு ஒத்துப்போகிறது.

இரண்டு பாகங்கள் அசல் இல்லை. ஒன்று சாவி கொடுக்கும் திருகு: அசல் பத்துப் பட்டையாக, தலையில் ஒமேகா குறியோடு இருக்கும், உங்களுடையது சாதாரண உருண்டை. இன்னொன்று கண்ணாடி. இந்தக் காலத்து அசல் பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுமையத்தில், லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்னதாக ஒமேகா குறி பொறித்திருக்கும். நெருக்கத்தில் எடுத்த படத்தில் அது இல்லை. இவை தேய்ந்து மாற்றக்கூடிய பாகங்கள்தான், வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். பின்மூடியில் இருக்கும் வானாய்வுக்கூட முத்திரையும் எட்டு நட்சத்திரங்களும் தேயாமல் எழும்பி நிற்கின்றன. அதைப் பார்த்து மாஸ்டருக்கே முகம் மலர்ந்தது. ஒரே ஒரு பாலிஷ் போதும், அவை கரைந்துபோக.

என் கணிப்பில் இது அசல். இருந்தாலும் படத்தை மட்டும் பார்த்து யாரும் முத்திரை குத்திவிட முடியாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1957-ஆம் வருட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வாட்ச் அது என்று 2023-ல் ஒமேகா நிறுவனமே அறிவித்தது. அதை வாங்கியதும் ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்தான்! அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி நடக்கும் என்றால், நமக்குத் தேவை கையில் வாங்கித் திறந்து பார்க்கும் ஒருவர். உங்களிடம் வாங்குபவரும் அதையே கேட்பார். மூடியைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

விலைக்கு வருவோம். அத்தான் பார்த்த 5 லட்சம் விளம்பரத்தை நீங்கள் அனுப்பியதில் பார்த்தேன். பெயர் அதே, டயலும் அதே. ஆனால் அது 18 காரட் தங்கக் கேஸ். அந்தக் காலத்து சுவிஸ் தங்கக் கேஸின் உட்புறம் 18 காரட் என்றால் ஹெல்வெட்டியா என்ற பெண் தலையும், 14 காரட் என்றால் அணிலும் முத்திரையாக இருக்கும். உங்களுடையது ஸ்டீல். அதைவிட முக்கியம், விளம்பரத்தில் போட்டிருப்பது விற்கிறவர் கேட்கும் விலை. விற்று முடிந்த ஏலங்களின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். அசல் டயலோடு கூடிய ஸ்டீல் 168.005 வெளிநாட்டுச் சந்தையில் பொதுவாக 1,000 முதல் 2,000 டாலருக்குள் கைமாறுகிறது. புள்ளி, திருகு, கண்ணாடி, சர்வீஸ் செலவு எல்லாம் கழித்து, இங்கேயே ஒரு சேகரிப்பாளரிடம் நேரடியாக விற்றால் 80,000 முதல் ஒரு லட்சம் வரை நியாயமான விலை என்பேன். போனில் 60,000 சொன்னவர் வியாபாரி என்றால், அது அவருடைய பேரத்தின் முதல் படி.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. அதைத்தான் நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றால், உயில் இல்லாமல் போன அப்பாவின் பொருளில் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. வீடு, நிலம் மட்டுமில்லை, வாட்ச்சுக்கும் இதே சட்டம்தான். 90,000-க்கு விற்றால் உங்கள் பங்கு 30,000. கட்டணம் 1.6 லட்சம். அம்மாவும் அக்காவும் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும் கட்டணத்துக்குப் போதாது. அத்தானுக்கு 5 லட்சம் என்ற எண் மனதில் பதிந்துவிட்டதால், நீங்கள் 90,000-க்கு விற்றேன் என்று பிறகு போய்ச் சொன்னால் சந்தேகம்தான் மிஞ்சும். விற்பதாக இருந்தால் மூவரும் உட்கார்ந்து விலையைப் பேசி ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு விற்றுக்கொள்ளுங்கள்.

மகளின் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கேளுங்கள். மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையமோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் வங்கிகள் தரலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை பொதுவாகத் தவணை தொடங்காது. சீட் உத்தரவு, கட்டண விவரம், மதிப்பெண் பட்டியலோடு இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். பணம் வரத் தாமதமானால் வீட்டு நகை மேல் குறுகிய காலக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, கல்விக் கடன் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம். கட்டணக் கெடுவுக்கு முந்தின நாள் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் 60,000 கூடக் கிடைக்காது.

வரி பற்றி ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஸ்டீல் வாட்ச் மூலதனச் சொத்தில் சேராது, லாபத்துக்கு வரி இல்லை. தங்கக் கேஸாக இருந்திருந்தால் நகை என்ற கணக்கில் வரக்கூடும். அப்போது ஆடிட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். எந்த விலையானாலும் வங்கி வழியாகவே வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறச் சட்டம் அனுமதிக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விற்றாலும் வைத்திருந்தாலும் மிஷினை ஒரு முறை சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். ‘மிஷின் சர்வீஸ் மட்டும், டயலும் கேஸும் தொடக் கூடாது’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகம் எதுவாக இருந்தாலும் பழையதை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் இருந்து வந்தவர்கள் வீட்டில் பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, ஸ்டூடியோ போட்டோ எல்லாம் ஒரு ட்ரங்க் பெட்டியில் இருக்கும். அதில் கடை ரசீதோ, வாட்ச்சோடு வந்த கேரன்டி கார்டோ, அப்பா அதைக் கட்டியிருக்கும் ஒரு படமோ கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரசீதில் உள்ள எண்ணும் மிஷினில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், நான் மேலே சொன்ன விலையை உயர்த்திச் சொல்வேன். கிடைத்தால் படமெடுத்து அனுப்புங்கள்.